சருகுமானும் தோட்டத்துக் காய்ச்சலும்

ஈயைப் போலவே கொசுவுக்கும் இரண்டே இறக்கை. பூச்சியியல் இரண்டையும் ஒரே வரிசையில்தான் வைக்கிறது. மலேரியாவைப் பரப்புபவை அனோஃபிலிஸ் கொசுக்கள். ஜொகூரில் அவற்றில் பல வகை உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும், முட்டையிடத் தேடும் தண்ணீர் வகைக்கு வகை வேறு.

1909-இல் கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரை ரயில்பாதை முடிந்தபின், சிகாமட், குளுவாங், கூலாய் பக்கத்துக் காடுகள் பால்மரத் தோட்டங்களாயின. காடு விழுந்ததும் அதுவரை இருண்டு கிடந்த ஓடைகளில் வெயில் பட்டது. வெயில் படும் தெளிந்த ஓடைநீர்தான் மேக்குலேட்டஸ் கொசுவின் இடம். லயங்களில் குடியிருந்த தமிழ்த் தொழிலாளர்களைக் குளிர்காய்ச்சல் பிடித்தது, பலர் எழுந்திருக்கவேயில்லை.

இந்தச் சிக்கல் முதலில் புரிந்தது சிலாங்கூரில். கிள்ளானில் 1901 முதல் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, புதரை வெட்டி, மலேரியாவை அடக்கினார். அது சமவெளி; அங்கே நிழல்நீரில் வளர்ந்ததை அம்ப்ரோசஸ் என்றார்கள். அதே வைத்தியம் குன்றுத் தோட்டங்களில் பலிக்கவில்லை, காய்ச்சல் ஏறியது. ஒரு கொசுவை விரட்டிய வெட்டுக்கத்தி இன்னொன்றுக்குத் தொட்டில் கட்டியிருந்தது. ஓடையை மண்ணுக்கடியில் குழாய்க்குள் விடுவதும் நீரில் எண்ணெய் தெளிப்பதும் அதன் பிறகே வந்தன.

ஆகவே, வாய்க்கால் வெட்டுமுன் கொசுவின் பெயர் தெரிந்தாக வேண்டும். மேக்குலேட்டஸ் எளிது. ஊசியில் குத்தி லென்ஸில் பார்த்தால் தொடையிலும் முழங்காலுக்குக் கீழும் வெள்ளைப் பொட்டுகள் தெளித்திருக்கும். பின்காலின் கடைசிக் கணு முழுக்க வெள்ளை. கேட்டர் என்பவர் இப்படிப்பட்ட அடையாளங்களைத் தொகுத்து 1930-களில் சிங்கப்பூரில் நூல்களாக வெளியிட்டார்.

அம்ப்ரோசஸ் கூட்டம் அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. எல்லாவற்றுக்கும் கறுத்த இறக்கை, வெளிறிய பொட்டு ஒன்றிரண்டுதான். அதிலிருந்து கரைச் சமவெளிகளின் கறுத்த தேங்குநீரில் வளரும் ஒன்றை, ஜப்பானியர் ஆட்சிக் காலமான 1944-இல் ஏ. ஏ. சந்தோஷம் தனி வகையாகப் பிரித்தார். பெயர் லெட்டிஃபர்; லத்தீனில் சாவைக் கொண்டுவருவது என்று பொருள். வைத்தவர் பெயரோ சந்தோஷம்!

பத்து பகாட், பொந்தியான் போன்ற சதுப்புக் கரைகளுக்கு இந்தப் பிரிப்பு முக்கியமானது. அம்ப்ரோசஸின் உமிழ்நீர்ச் சுரப்பியில் மலேரியாக் கிருமி அடிக்கடி கிடைத்ததால், வெகுகாலம் பழி அதன்மேலேயே இருந்தது. 1960-களின் ஆய்வில், அதிலிருந்த கிருமி பெரும்பாலும் மனிதனுடையதல்ல, சருகுமானுடையது என்று தெரியவந்தது. கரைச் சமவெளியில் ஆளைக் கடித்துக் காய்ச்சல் தந்த முக்கியக் கொசு லெட்டிஃபர்.