சொந்த வண்டி, யார் தெரு?

1929இல் சாலிஸ்கானில் அம்பேத்கரை ஏற்றிச்செல்லக் குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். வண்டி வாடகைக்குக் கிடைத்தது, ஓட்ட ஆளில்லை. ஓட்டிப் பழகாத நம்மவர் ஒருவரே ஓட்டினார். வழியில் அம்பேத்கர் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்தது.

1980இல் டிவிஎஸ் 50 வந்தது. சின்ன இன்ஜின், பிளக்கைக் கழற்றித் துடைக்க மெக்கானிக் வேண்டாம். ஏரிக்கரை, வண்டிப்பாதை எல்லாம் போகும். சேரிக்கும் சொந்த வண்டி வந்தது. ஆனால் பல ஊர்த்தெருக்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். மண்பாதையில் ஓட்டுவது சிலருக்குச் சாகசம். நமக்கு அது, அந்தத் தெருவைத் தவிர்க்கும் சுற்றுவழி.

2016 ஜனவரி 26 முதல், பொது இடத்தில் நாம் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைச் சாதியின் பேரால் தடுப்பது வன்கொடுமைக் குற்றம்: பிரிவு 3(1)(இசட்ஏ)(பி). தோழர்களே, புகார் மனுவில் இந்தப் பிரிவை மறக்காமல் எழுதுங்கள்.