தாமஸ் சங்கரா: வெட்டி வேலையை ஒழித்த கேப்டன்

தோழர்களே, சே குவேரா படம் போட்ட சட்டை நம்மில் பலரிடம் இருக்கிறது. தாமஸ் சங்கராவை எத்தனை பேருக்குத் தெரியும்?

மேற்கு ஆப்பிரிக்காவின் அப்பர் வோல்டாவில் 1949இல் பிறந்தவர். ராணுவ கேப்டன். 1983 ஆகஸ்ட் 4 அன்று ஆட்சிக்கு வந்தபோது வயது 33. மறுவருடமே பிரெஞ்சுக்காரன் வைத்த பெயரைத் தூக்கிவிட்டு நாட்டுக்கு புர்கினா ஃபாசோ என்று பெயரிட்டார். அரசின் மெர்சிடஸ் கார்களை விற்று, அமைச்சர்களைச் சின்ன ரெனோ காரில் ஏற்றினார். இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஊர்த் தலைவர்களுக்கு மக்கள் கட்டிவந்த கப்பத்தையும் கூலியில்லாமல் கொடுத்த உழைப்பையும் அவர் ஒழித்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. நம் மொழியில் அது வெட்டி வேலை. அது என்னவென்று சேரிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கட்டாயத் திருமணத்துக்கும் பெண்ணுறுப்புச் சிதைப்புக்கும் எதிராக நின்றார்.

ஆனால் 1984இல் வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வேலையைவிட்டே நீக்கியவரும் அவர்தான். சங்கம் வைத்துப் போராடுகிற நாம் இதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாட முடியாது.

1987 அக்டோபர் 15 அன்று பன்னிரண்டு தோழர்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். நண்பராயிருந்த பிளேஸ் கம்பவோரே நாற்காலியில் உட்கார்ந்தார். 27 ஆண்டுகள் ஆண்டார். ஊர்த் தலைவர்களின் செல்வாக்கும் திரும்பி வந்தது. 2014இல் மக்கள் அவரை விரட்டியபோது தெருவெங்கும் சங்கராவின் படம். 2022இல் நீதிமன்றம் கம்பவோரேவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர் அப்போது ஐவரி கோஸ்டில் இருந்தார்.