கார்ன்வால் சுரங்கமும் தொழிற்பெயர்ச்சியும்

நாட்டுப்புறத் தொழில் வரலாற்றை மக்கட்கணக்கேடுகளைக் கொண்டு எழுதுவோர், ‘சுரங்கத்தார் தொகை குறைந்தது, பணித்துறையினர் தொகை பெருகிற்று’ என்று கூறி அமைவது வழக்கம். தொகை பிழையன்று. ஆயினும், ஒரு தொழிலை விட்டவரே மற்றொன்றை மேற்கொண்டனர் என்னும் எண்ணத்தை அட்டவணை நம்மிடம் எளிதில் உண்டாக்கிவிடுகிறது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் மாவட்டம் இதற்கு மாறான சான்று தருகின்றது. அச்சான்றின் ஒரு பகுதி தமிழரையும் சார்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செம்பு விளைவில் கார்ன்வால் உலகின் முன்னணியில் நின்றது. அங்குச் சுரங்கத்தார் பலர் நாட்கூலி பெற்றவரல்லர். சிலர் கூடிச் சுரங்கத்தின் ஒரு பகுதியை ஏலத்தில் எடுத்து, தாம் வெட்டிய தாதுவின் விலையில் ஒரு பங்கைப் பெறுவர். ‘டிரிபியூட்’ எனப்பட்ட இம்முறையை நம் வாரச் சாகுபடியோடு ஒருவாறு ஒப்பிடலாம். குறைந்த பங்குக்கு உடன்பட்டவர்க்கே ஏலம் படியும் என்பது வேறுபாடு. எனவே, பாறையைப் பார்த்த அளவில் அதன் மதிப்பை அறியும் ஆற்றலே அவர்தம் முதலாயிற்று. மேலே தாதுவைச் சம்மட்டியால் உடைத்த பெண்டிர் ‘பால் மெய்டன்’ எனப்பெற்றனர். ‘பால்’ என்பது கார்னிய மொழியில் சுரங்கத்தைக் குறிக்கும். ஒலியொப்புமை கண்டு தமிழ்ச் சொல்லோடு மயங்கற்க.

சிலியிலும் வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிப் பகுதியிலும் பெருகிய செம்பு விலையைத் தாழ்த்தியது. 1866ஆம் ஆண்டு இலண்டன் ஓவரெண்டு கர்னி நிறுவனம் முறிந்தபோது பணநெருக்கடியும் சேர்ந்தது. 1861இல் ஏறத்தாழ 3,69,000 ஆக இருந்த மாவட்ட மக்கட்டொகை 1901இல் 3,22,000 அளவினதாயிற்று. நாற்பதாண்டுகளில் இங்கிலாந்தின் மக்கட்டொகை பெருகிவந்த நிலையில் இக்குறைவு நேர்ந்தது என்பதை மறத்தலாகாது. தென் ஆஸ்திரேலியாவின் மூண்டா, கலிபோர்னியாவின் கிராஸ் வேலி, மெக்சிகோவின் பச்சூகா, தென்னாப்பிரிக்காவின் டிரான்சுவால் எனச் சுரங்கம் உள்ள இடமெல்லாம் அவர்கள் சென்றனர்.

மாவட்டத்தில் புதுத்தொழில் தோன்றாமலில்லை. செயின்ட் ஆஸ்டல் பகுதியில் பீங்கான் மண் எடுக்கும் தொழில் வளர்ந்தது. 1859இல் சால்ட்டாஷ் பாலம் திறக்கப்பெற்றதும், மீனும் காய்கறியும் புகைவண்டியில் இலண்டன் சென்றன. பின்னர்ச் சுற்றுலாவினர் வந்தனர். சுரங்கத்தாருள் சிலர் இவற்றுள் புகுந்திருப்பர். ஆயினும் திறந்த குழியில் நீரால் மண்ணைக் கரைத்தெடுக்கும் வேலைக்கும் விடுதி வேலைக்கும் பாறையின் நாடி பார்க்கும் கல்வி வேண்டா. கற்ற கல்வி எங்கு விலைபோயிற்றோ அங்கே அவர் சென்றனர் என்பதே என் கருத்து. சென்றவர் அனைவரும் நலமுற்றாரல்லர். 1904இல் ஹால்டேன் முதலியோர் அளித்த ஆய்வறிக்கை, டிரான்சுவாலினின்று மீண்டோரிடையே பாறைத்தூசியால் நேர்ந்த நுரையீரல் நோய்ச் சாவுகளை எடுத்துக் காட்டியது.

மைசூர் நாட்டுக் கோலார் தங்கவயலும் அவர்கள் சென்றடைந்த இடங்களுள் ஒன்று. 1880 முதல் அங்கு ஈடுபட்ட ஜான் டெய்லர் கம்பெனி கார்ன்வால் சுரங்கங்களில் நெடுநாள் தொடர்புடையது. மேற்பார்வையாளராகக் கார்ன்வாலினர் வந்தனர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடியினர், கீழே இறங்கி உழைத்தனர். கார்ன்வாலின் கணக்கேட்டில் குறைந்த சுரங்கத் தொழிலின் ஒரு கூறு கோலாரில் தமிழர் தொழிலாகக் கூடிற்று. இரண்டையும் வேறு வேறு வரலாறாக எழுதும் வழக்கம் பொருந்துவதாகத் தோன்றவில்லை.

கார்ன்வாலின் சவுத் கிராஃப்டி வெள்ளீயச் சுரங்கம் 1998இல் மூடப்பெற்றது. கோலார்ச் சுரங்கம் 2001இல். அதன்பின் தங்கவயல் குடியிருப்பினர் பலர் விடியற்காலைப் புகைவண்டியேறிப் பெங்களூர் சென்று வேலை பார்க்கலாயினர். 2001ஆம் ஆண்டு இந்திய மக்கட்கணக்கின் நால்வகைப் பகுப்பிலோ சுரங்கத் தொழிலாளியும் நகர்க் கட்டடக் கூலியாளும் ‘பிற பணியாளர்’ என்னும் ஒன்றனுள் அடங்குவர். அப்பகுப்பை மட்டும் நோக்குவார்க்குத் தங்கவயலில் தொழில் மாறியதாகவே தோன்றாது.