திண்ணையில் கூடிய சந்தை

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் வேளாண்மை அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் விதை நேர்த்தி, மேலுரம், பூச்சி மருந்து என்றுதான் உங்களோடு பேசுவேன். இன்றைக்குக் கொஞ்சம் பழைய கதை பேசலாம் என்று வந்திருக்கிறேன். பழைய கதை என்றால் ராஜா ராணி கதை அல்ல. கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிற, ஆடு வளர்க்கிற, புளி தட்டி விற்கிற, சந்தையில் சாக்கு விரித்துக் காய் பரப்புகிற நம் வீட்டுப் பெண்கள் எப்படி ஒன்று சேர்ந்தார்கள் என்கிற கதை.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சில வாரங்களுக்கு முன் ஒரு கிராமத்துக்கு மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். களத்து மேட்டில் உட்கார்ந்திருந்த இளம்பெண் ஒருவர் கேட்டார்: "ஏங்க சார், குழுன்னா லோன் வாங்கறதுதானே? லோன் வேணாம்னா குழுவும் வேணாம்தானே?" எனக்கு உடனே பதில் வரவில்லை. வண்டியில் திரும்பி வரும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் கூடவே வந்தது. இந்தப் பேச்சை அவருக்கான பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் புளிக்கூடை

என் ஊர் பழைய தருமபுரி மாவட்டம். 2004ஆம் ஆண்டில் அதிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. மானாவாரி நிலம். கேழ்வரகு, சாமை, கொள்ளு. வரப்பிலும் சாலையோரத்திலும் புளியமரம். தை கடைசியில் புளி உலுக்க ஆரம்பித்தால் பங்குனி வரைக்கும் எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் அதே வேலைதான். ஓடு உடைக்க வேண்டும், நார் உரிக்க வேண்டும், கொட்டை தட்டி எடுக்க வேண்டும். எல்லாம் பெண்கள் வேலை.

அம்மா இரண்டு மூன்று மரங்களின் காய்ப்பைப் பேசி எடுப்பார். அதற்குப் பணம் ஏது? மார்கழியிலேயே வியாபாரி முன்பணம் கொடுத்துவிடுவார். முன்பணம் வாங்கினால் புளி அவருக்குத்தான். விலையும் அவர் சொன்னதுதான். இன்றைக்கு என்ன விலை என்று அம்மா கேட்டால், "போன வருசத்தைவிட எறக்கம்மா" என்பார். உண்மையா பொய்யா என்று தெரிந்துகொள்ள அம்மாவுக்கு வழி கிடையாது.

1990ஆம் ஆண்டு வாக்கில் எங்கள் தெருப் பெண்கள் பதினாறு பேர் குழுவாகச் சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமை இரவு, அடுப்பை அணைத்த பிறகு, எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். ஆளுக்கு 5 ரூபாய் சேமிப்பு. பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. ஐந்தாம் வகுப்பு படித்த நான்தான் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கணக்கு எழுதுவேன். எழுத எழுதப் பேச்சும் காதில் விழும்.

ஒரு வெள்ளிக்கிழமை புளி விலை பேச்சு வந்தது. அம்மா ஒரு விலை சொன்னார். எதிர்வீட்டு அத்தை வேறு விலை சொன்னார். அத்தை வேறொரு வியாபாரிக்குப் போடுகிறவர். ஒரே நாள், ஒரே தரப் புளி. கிலோவுக்கு ஒரு ரூபாய்க்கு மேல் வித்தியாசம்! திண்ணையே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. அதுவரை ஒரே தெருவில் பத்து வருடமாக எதிரெதிரே உட்கார்ந்து புளி தட்டியவர்கள், ஒருவருக்கொருவர் விலையைச் சொல்லிக்கொண்டதே இல்லை. முன்பணம் வாங்கியது வெளியே தெரிந்தால் மானக்கேடு என்கிற எண்ணம்.

கவனியுங்கள். அன்றைக்குக் குழுவின் பெட்டியில் சில நூறு ரூபாய்தான் இருந்தது. வங்கிக் கடன் ஒரு பைசா வரவில்லை. ஆனால் முதல் லாபம் அன்று இரவே வந்துவிட்டது.

அதற்கு முன்னால் நடந்தது என்ன?

இந்தக் குழு வானத்திலிருந்து குதித்ததல்ல. நம் பெண்களுக்குச் சேமிப்பு புதிதும் அல்ல. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பது, நெல் சீட்டு, பணச் சீட்டு எல்லாம் பாட்டி காலத்துப் பழக்கம். 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தபோது கிராம சேவிகாக்கள் ஊர்தோறும் மாதர் சங்கம் அமைத்தார்கள். தையல், சத்துணவு, குழந்தை வளர்ப்பு கற்றுக்கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் தொழிலுக்கு முதல் எங்கே என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

வங்கிக்குப் போனால், "பட்டா இருக்கா?" என்பார்கள். பட்டா கணவர் பெயரில், இல்லையென்றால் மாமனார் பெயரில். தமிழ்நாட்டில் பெண்மக்களுக்குக் குடும்பச் சொத்தில் சமபங்கு என்ற சட்டத் திருத்தம் 1989இல் வந்தது. அதிலும் அதற்கு முன்பே திருமணமாகியிருந்த பெண்களுக்கு அந்த உரிமை அப்போது கிடைக்கவில்லை. என் அம்மா வயதுப் பெண்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றவர்கள். ஜாமீன் காட்ட நிலமில்லாதவர் எதைக் காட்டுவது?

இதற்கு ஒரு வழியைச் சென்னையில் கண்டார்கள். 1978இல் ஜெயா அருணாசலம் அம்மையார் 'உழைக்கும் பெண்கள் மன்றம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பூ, காய்கறி, இட்லி விற்கிற குடிசைப் பகுதிப் பெண்களை அக்கம்பக்கத்துக் குழுக்களாகச் சேர்த்தார். ஒருவருக்கு மற்றவர்கள் ஜாமீன். 4 சதவீத வட்டியில் ஏழைகளுக்குக் கடன் தரும் திட்டம் 1972 முதலே வங்கிகளில் இருந்தது; அதை இந்தப் பெண்களிடம் கொண்டு சேர்த்தார். பிறகு திண்டுக்கல் பக்கம் பால்மாடு வைத்திருக்கும் பெண்களிடமும், அதிராம்பட்டினம் மீன்காரப் பெண்களிடமும் அந்த வேலை பரவியது.

1982இல் மத்திய அரசு 'டுவாக்ரா' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. 15 முதல் 20 பெண்கள் கொண்ட குழுவுக்கு 15,000 ரூபாய் சுழல்நிதி. நோக்கம் நல்லது. ஆனால் பல இடங்களில் பணம் முதலில் வந்தது, பழக்கம் பிறகுதான் வர வேண்டியிருந்தது. பணம் தீர்ந்ததும் குழுவும் தீர்ந்த ஊர்கள் உண்டு.

கர்நாடகத்தில் 'மைராடா' என்ற தொண்டு நிறுவனத்துக்கு நேர்மாறான அனுபவம் கிடைத்தது. 1980களின் நடுவில் அவர்கள் அமைத்த பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் சில உடைந்துபோயின. அப்போது சிறுசிறு கூட்டமாக ஜனங்கள் வந்து, "சங்கத் தலைவர்மேல் நம்பிக்கை இல்லை, பணத்தை உங்களிடமே கட்டுகிறோம்" என்றார்கள். "எங்களுக்கு வேண்டாம், உங்களுக்குள்ளேயே வைத்துச் சுழற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டது நிறுவனம். ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், நம்புகிறவர்கள் சேர்ந்த சிறு கூட்டம் நிலைத்து நின்றது. பாடம் அதுதான்.

தருமபுரியில் ஊன்றிய நாற்று

1983இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் உருவானது. 1989இல் ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் மகளிர் திட்டம் தொடங்கியது. கடன் கொடுக்க இந்தியன் வங்கி, குழு அமைக்கத் தொண்டு நிறுவனங்கள். அடுத்து சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்குப் போனது.

சுய உதவிக் குழுவில் ஏன் 20 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை தெரியுமா? அப்போது நடப்பில் இருந்த 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, லாப நோக்கோடு 20 பேருக்கு மேல் கூடித் தொழில் செய்தால் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பதிவு, வழக்கறிஞர் என்று அலையாமல் இருக்கத்தான் இந்தக் கணக்கு. திண்ணையில் உட்கார்ந்து பேசவும் அதுதான் சரியான அளவு!

பதிவு இல்லாத குழுவுக்கு வங்கி எப்படிக் கடன் கொடுக்கும்? 1991இல் ரிசர்வ் வங்கி அதற்குப் பச்சைக்கொடி காட்டியது. 1992இல் நபார்டு வங்கி நாடெங்கும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் சோதனையைத் தொடங்கியது. 1997-98இல் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் தமிழ்நாடு அரசு இதைப் பிற மாவட்டங்களுக்கும் கொண்டு சென்றது. குழுக்கள் சேர்ந்து ஊராட்சி அளவில் கூட்டமைப்பு, மாவட்டத் தலைநகரங்களில் குழுப் பொருள் விற்கப் 'பூமாலை' வணிக வளாகம் என்று வேலை விரிந்தது.

மதுரைப் பக்கம் 'களஞ்சியம்' குழுக்களைக் கட்டியவர்களில் ஒருவர் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாள். வயலில் கூலி வேலை செய்தவர். 2001 ஜனவரியில் தில்லியில் அவருக்கு ஸ்திரீ சக்தி விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாயி, குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். நாடே பார்த்தது. 2019இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

அத்தையின் மாடு

வரலாற்றில் எழுதாத ஒன்றையும் சொல்கிறேன். எதிர்வீட்டு அத்தை குழுக் கடனில் கறவை மாடு வாங்கினார். எட்டே மாதத்தில் மாடு செத்துப்போனது. தவணை நிற்கிறது. அத்தை இரண்டு வாரம் கூட்டத்துக்கு வரவில்லை, வெட்கம்.

மூன்றாவது வாரம் குழுவே எழுந்து அத்தை வீட்டுக்குப் போனது. நானும் நோட்டோடு போனேன். திட்டப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அம்மா சொன்னார்: "அக்கா, மாடு செத்ததுக்கு நீ என்ன பண்ணுவ? வா, உக்காரு." நாலு தவணையைக் குழுப் பணத்திலிருந்து கட்டுவது என்று தீர்மானம். புளிக் காலத்தில் அத்தை இன்னும் இரண்டு மரம் சேர்த்துப் பேசி எடுத்துக்கொள்ள உள்கடன். வட்டி நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். அந்த வட்டியும் அவர்கள் பெட்டிக்கே திரும்பி வருகிற பணம். கொட்டை தட்ட ஆளுக்கு ஒரு நாள் சும்மா வந்து உழைத்தார்கள். இரண்டு புளிக் காலத்தில் அத்தை கணக்கு நேரானது. கடைசித் தவணையை நோட்டில் எழுதியபோது, "பேரைப் பெரிசா எழுதுடா கண்ணு" என்றார் அத்தை.

எந்த வங்கியால் இது முடியும்? எந்த அலுவலராலும், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், முடியாது.

கயிறு திரிந்த இடம்

பிறகு கடன் பெருகியது, கூட்டம் குறைந்தது. ஒரே பெண் நாலைந்து இடத்தில் கடன். ஒன்றை வாங்கி ஒன்றை அடைப்பது. தனியார் நிதி நிறுவனங்கள் 'குழு' என்ற அதே பெயரில் வந்து, வாரத் தவணைக்கு ஒரு பெண் வரவில்லையென்றால் மற்றவர்களை அவர் வீட்டு வாசலில் உட்கார வைத்தன. ஆந்திரத்தில் இது முற்றி, 2010 அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டி வந்தது.

யோசித்துப் பாருங்கள். அத்தை வீட்டுக்குப் போனதும் குழுதான். தவணைக்காக வாசலில் உட்கார்ந்ததும் குழுதான். கயிறு ஒன்றே, ஒன்று கிணற்றில் விழுந்தவரைத் தூக்கியது, மற்றொன்று கழுத்தை இறுக்கியது.

வேளாண் பெருமக்களே, ஆண்களான உங்களிடம் ஒரு வார்த்தை. கடன் அவர் பெயரில், செலவு நம் கையில் என்று எத்தனை வீட்டில் நடக்கிறது? ஆட்டுக்கு வாங்கிய பணம் வண்டிக்குப் போனால், வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தலைகுனிவது அவர்தான். கூட்டத்துக்குப் போகிற அந்த ஒரு மணி நேரம், "சோறு யார் போடுவது?" என்று கேட்காமல் இருங்கள். போதும்.

குழுவில் இருக்கும் தாய்மார்கள் மூன்றே கேள்வி கேட்டுப் பாருங்கள். கடன் இல்லாத வாரத்திலும் நம் கூட்டம் கூடுகிறதா? அவரவர் விற்ற விலையை, வாங்கிய தீவன விலையை வாய்விட்டுச் சொல்கிறோமா? ஒருவர் தவணை தவறினால் முதலில் "என்னாச்சு?" என்று கேட்கிறோமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் உங்கள் குழுவுக்கு உயிர் இருக்கிறது. இல்லையென்றால், புதுக் கடன் கேட்கும் முன் கூட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

களத்து மேட்டில் கேட்ட அந்த மகளுக்கு என் பதில் இதுதான். லோன் வேண்டாம் என்றால் வாங்காதேம்மா. ஆனால் திண்ணைக்குப் போய் உட்கார். உன் ஆட்டை என்ன விலைக்கு விற்றாய் என்று சொல். பக்கத்தில் இருப்பவர் என்ன விலைக்கு விற்றார் என்று கேள். எங்கள் தெருவில் அப்படித்தான் ஆரம்பித்தது.