தூசுத் திரைக்கு அப்பால்

விண்மீன் திரள்களின் வரலாற்றைப் புரட்டும்போதெல்லாம் கார்ல் செய்ஃபர்ட் என்ற பெயரில் நாம் சற்று நின்றுவிடுகிறோம். மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் பணியாற்றிய அவர், 1943ஆம் ஆண்டு ஆறு திரள்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவற்றின் நடுவம் அளவுக்கு மீறி ஒளிர்ந்தது. நிறமாலையில் உமிழ்கோடுகள் அகன்று கிடந்தன. கோடு அகன்றிருந்தால், அங்கே வாயு பெருவேகத்தில் அலைக்கழிகிறது என்று பொருள். உலகப்போரின் இரைச்சலில் அக்கட்டுரையை ஊன்றிப் படித்தவர் சிலரே. 1960இல், தமது 49ஆம் வயதில், நாஷ்வில் நகரில் ஒரு கார் விபத்தில் செய்ஃபர்ட் மறைந்தார்.

அதற்குப் பின்பே புதிய கண்கள் திறந்தன. எக்ஸ் கதிர்களை நமது வளிமண்டலம் தடுத்துவிடுவதால், அவற்றைக் காண விண்வெளிக்கே செல்ல வேண்டும். 1970 டிசம்பர் 12 அன்று, கென்யக் கடலோர மேடையிலிருந்து ஒரு செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அது கென்யாவின் விடுதலை நாள். ஆகவே சுவாஹிலியில் விடுதலையைக் குறிக்கும் ‘உஹுரு’ என்ற பெயர் அதற்கு அமைந்தது. செய்ஃபர்ட்டின் அறுவரில் ஒன்றான என்ஜிசி 4151இன் எக்ஸ் கதிர்களை அது பதிவு செய்தது.

மற்றொன்றான என்ஜிசி 1068 ஒரு புதிராகவே நின்றது. அகச்சிவப்பில் அது கொழுந்துவிட்டு எரிந்தது. எக்ஸ் கதிரிலோ மங்கித் தெரிந்தது. அகன்ற கோடுகளைக் கொண்டவை, குறுகிய கோடுகளை மட்டும் கொண்டவை என 1974இல் காச்சிகியானும் வீட்மனும் இத்திரள்களை இரு வகையாகப் பிரித்தனர். என்ஜிசி 1068 இரண்டாம் வகையில் சேர்ந்தது. இவை இரண்டும் வெவ்வேறு இனங்களா?

விடை 1985இல் கிடைத்தது. என்ஜிசி 1068இன் முனைவாக்கப்பட்ட ஒளியை ஆன்டனுச்சியும் மில்லரும் பிரித்து ஆராய்ந்தபோது, காணாமற்போன அகன்ற கோடுகள் அதில் தென்பட்டன. மறைந்திருந்த நடுவத்தின் ஒளி, மேலே கிடந்த வாயுவில் பட்டுச் சிதறி நம்மை வந்தடைந்திருக்கிறது. கருந்துளையைச் சூழ்ந்த தடித்த தூசு வளையம் நேர்ப்பார்வையை மறைக்கிறது. அத்தூசு புற ஊதாக் கதிரையும் கண்ணுறு ஒளியையும் விழுங்கிச் சூடேறி, அவ்வாற்றலை அகச்சிவப்பாகத் திருப்பி உமிழ்கிறது. ஆற்றல் மிக்க எக்ஸ் கதிர் பல திரள்களில் திரையைத் துளைத்து வரும். இங்கோ திரை அதையும் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ஆக, இனம் ஒன்றே. நாம் பார்க்கும் கோணந்தான் வேறு.

வளையம் மட்டுமே முழு விடையன்று. சர்சினஸ் போன்ற அண்மைத் திரள்களில், துருவத் திசையிலும் சூடான தூசு இருப்பதைப் பின்னாளைய அகச்சிவப்பு ஆய்வுகள் காட்டின. 2022இல் ஐஸ்கியூப் ஆய்வுக்குழு, என்ஜிசி 1068 இருக்கும் திசையிலிருந்து சுமார் 80 நியூட்ரினோக்கள் வந்ததாக அறிவித்தது. எந்தத் திரைக்கும் கட்டுப்படாத துகள்கள் அவை.

கண்ணுறு ஒளி ஒன்றையே துணையாகக் கொண்டு அந்த ஆறு திரள்களையும் தனியே பிரித்து வைத்தவர் செய்ஃபர்ட். இவ்வகைத் திரள்கள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. அவற்றின் அகச்சிவப்பையோ எக்ஸ் கதிரையோ காண அவருக்கு வாய்க்கவில்லை.