அம்ஸ்டர்டாம் நகர மண்டபம்

ஒரு நகரத்தார் எதனைப் பெரிதாக மதித்தனர் என்பதை அறிய விரும்புவோர், அந்நகரின் நடுச் சதுக்கத்தில் ஓங்கி நிற்பது யாதென நோக்குதல் வேண்டும். ஒல்லாந்து தேசத்து அம்ஸ்டர்டாம் நகரிலே, டாம் சதுக்கத்தின் அருகே பழைய தேவாலயமொன்று உண்டு. ஆயினும் சதுக்கத்தை ஆள்வது அஃதன்று. வணிகர் எழுப்பிய நகர மண்டபமே.

ஸ்பானியருடன் எண்பதாண்டு நடந்த போர் 1648இல் முடிந்தது. அவ்வாண்டே இதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சிற்பி யாக்கோப் வான் கம்பன். சதுப்பு நிலமாதலின் 13,659 மரக்குற்றிகளை நிலத்தில் அடித்திறக்கி அவற்றின்மேற் கட்டினர். ஆண்டின் நாட்களாகிய 365க்கு முன் ஒன்றும் பின் ஒன்பதும் இட்டு, ஒல்லாந்தச் சிறுவர் இத்தொகையை மனனஞ் செய்வர். 1655இல் மண்டபம் திறக்கப்பட்டது. வேலை முற்றுப்பெற மேலும் பத்தாண்டு சென்றது.

உள்ளே குடிமக்கள் கூடத்தின் தரையில், உலக வரைபடம் சலவைக்கல்லிற் பதிக்கப்பட்டுள்ளது. நடப்போர் பாதத்தின் கீழே உலகம் கிடக்கின்றது! மரணதண்டனை கூறும் நீதிமன்றிலே சாலொமோன் அரசனின் தீர்ப்புச் செதுக்கப்பட்டுள்ளது. கடனில் மூழ்கினோர் வழக்கை விசாரிக்கும் அறை வாயிலில், இறகு உருகி வீழும் இக்காரசின் உருவம் உண்டு. வெறும் பெட்டிகளும் எலிகளும் உடன் உள. அளவிறந்த ஆசைக்கு இதனினும் தக்க எச்சரிக்கை வேறென்ன?

இனி நமக்கு இதனால் என்னையெனின், கூறுவேன். மண்டபம் திறந்த மறு ஆண்டு, 1656இல், கொழும்பும், 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் வசமாயின. அவர்தம் கிழக்கிந்தியக் கம்பனியை நடத்திய பதினேழு இயக்குநருள் எண்மர் அம்ஸ்டர்டாம் நகரத்தார். நம் நாட்டுக் கறுவாவும் யானையும் முத்தும் அக்கம்பனியின் வாணிகப் பொருள்களாயின. யாழ்ப்பாணத்தில் நம் முன்னோரின் வெளிப்படையான வழிபாடு அவர் ஆட்சியிற் கட்டளைகளால் ஒடுக்கப்பட்டது. தம் குடிகளுக்குச் சாலொமோனின் நீதியைக் காட்டியவர், கடல் கடந்த குடிகளுக்கு அதே துலாக்கோலைப் பிடித்திலர்.

எனினும் நடுநிலை பிறழாது பேசுதல் வேண்டும். நம் தேசவழமையை 1707இல் தொகுத்து ஏட்டில் ஏற்றியவரும் ஒல்லாந்தரே. அது இன்றும் நம் நாட்டுச் சட்டத்தில் நிலவுகின்றது.

1808இல் லூயி நெப்போலியன் மன்னன் மண்டபத்தை அரண்மனையாக்கினான். இன்று அது சட்டத்தாற் காக்கப்படும் நினைவுச் சின்னம். அரச விருந்துகள் இல்லாத நாட்களிற் பொதுமக்களும் காணலாம். 2021 ஜூலை 1ஆம் நாள், அடிமை வாணிகத்தில் தன் முன்னோருக்கிருந்த பங்கிற்காக அந்நகரம், நகரத் தலைவியின் வாயிலாக, மன்னிப்புக் கோரியது.

இளைஞர்காள்! பழங் கட்டடத்தை இடிப்பதும் தவறு. அதன் அழகில் மயங்கி வரலாற்றை மறப்பதும் தவறு. டாம் சதுக்கத்து மண்டபமும் நம் யாழ்ப்பாணக் கோட்டையும் ஒரே கணக்குப் புத்தகத்தின் வரவும் செலவுமாம். இரு பக்கத்தையும் படித்தவனே வரலாறு கற்றவன்.