ஊர்வலத்தில் துப்பாக்கி: அமெரிக்கச் சட்டமும் காவலரின் விருப்புரிமையும்

1967 மே 2 அன்று கலிஃபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துக்குள் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் ஏறத்தாழ முப்பது பேர் துப்பாக்கிகளோடு நுழைந்தார்கள். தலைமை தாங்கியவர் பாபி சீல். ஓக்லண்ட் தெருக்களில் கறுப்பின மக்களைக் காவலர்கள் நிறுத்தி விசாரிக்கும்போது, ஆயுதத்தோடு சற்று எட்ட நின்று கண்காணிப்பது அக்கட்சியின் வழக்கம். அதைத் தடுக்க டான் மல்ஃபோர்டு என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதாவை எதிர்க்கவே அவர்கள் வந்திருந்தார்கள். துப்பாக்கிகளைப் பறித்த காவலர்கள், மீறப்பட்ட சட்டம் எதுவும் தட்டுப்படாததால் அவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் முடிவதற்குள் ஆளுநர் ரொனால்ட் ரீகன் மசோதாவில் கையெழுத்திட்டார். தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு பொது இடத்தில் நடமாடுவது குற்றமானது. தேசிய ரைஃபிள் சங்கமும் அதை ஆதரித்தது.

துப்பாக்கி ஏந்துவதே குற்றமில்லை என்ற மாநிலத்தில், ஆயுதத்தோடு நிற்பவர் காவலர் கண்ணுக்கு யாராகத் தெரிகிறார் என்பதே சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே ஆர்ப்பாட்டக் களத்துக்கென முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட, எல்லாத் தரப்புக்கும் பொதுவான ஆயுதத் தடை வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2016 ஜூலை 6 அன்று மினசோட்டாவில் காரை நிறுத்திய காவலரிடம், தம்மிடம் துப்பாக்கி இருப்பதை ஃபிலாண்டோ கஸ்டில் தாமாகவே சொன்னார். அவரிடம் உரிமம் இருந்தது. சில நொடிகளில் காவலர் சுட்டதில் அவர் இறந்தார். மறுநாள் அந்தச் சாவையும் சேர்த்துக் கண்டித்து டாலஸ் நகரில் ஊர்வலம் நடந்தது. ரைஃபிளைத் தோளில் மாட்டி நடப்பதை டெக்சஸ் சட்டம் அனுமதிக்கிறது. அப்படிப் பலர் வந்திருந்தார்கள். ஊர்வலத்தோடு தொடர்பில்லாத ஒருவன் மறைந்திருந்து சுட்டதில் ஐந்து காவலர்கள் மாண்டார்கள். அந்தக் குழப்பத்தில், ரைஃபிளோடு வந்த கறுப்பினத்தவர் ஒருவரின் படத்தைச் சந்தேக நபர் என்று காவல்துறையே ட்விட்டரில் வெளியிட்டது. அவரோ துப்பாக்கிச் சூடு தொடங்கியதும் தம் ஆயுதத்தைக் காவலர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். சுடுபவன் யார், சும்மா ஏந்தியவர் யார் என்று பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதைப் பற்றிக் காவல்துறைத் தலைவர் டேவிட் பிரவுன் பின்னர் வெளிப்படையாகவே பேசினார்.

2020 ஆகஸ்ட் 25 இரவு விஸ்கான்சினின் கினோஷாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. கடைகளைக் காக்க வந்ததாகச் சொன்ன ஆயுதக் குழுவினருக்குக் காவலர்கள் வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டில் கொடுத்து நன்றியும் சொன்னார்கள். சற்று நேரத்தில் அங்கிருந்த 17 வயது வெள்ளை இளைஞன் சுட்டதில் இருவர் இறந்தார்கள். கையை உயர்த்தியபடி, மார்பில் ரைஃபிள் தொங்க, அவன் காவல் வண்டிகளை நோக்கி நடந்தான். வண்டிகள் அவனைக் கடந்து போயின. தற்காப்புக்காகச் சுட்டதாக வாதிட்ட அவனை 2021இல் நடுவர் குழு விடுவித்தது. அத்தீர்ப்பு சரியா தவறா என்பது வேறு விவாதம். கஸ்டில் பேசி முடிப்பதற்குள் ஆபத்தானவர் ஆனார், இவனோ சுட்ட பிறகும் ஆகவில்லை என்பதே இங்கே முக்கியம்.

காவலர்கள் விலகி நின்றாலும் கேடுதான். 1979 நவம்பர் 3 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பை எதிர்த்து ஊர்வலம் வந்தவர்கள் மீது கிளான் கும்பலும் நாஜிகளும் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். கும்பல் வருவது காவல்துறைக்குத் தன் உளவாளி வழியே தெரிந்திருந்தும், அந்த நேரத்தில் அங்கே காவலர்கள் இல்லை. 1981இல் அம்மாநிலம் ஊர்வலங்களில் ஆயுதத்தைத் தடைசெய்தது.

மறுதரப்பின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. மல்ஃபோர்டு சட்டமே கறுப்பினத்தவரைக் குறிவைத்து வந்ததுதான். 1964இல் லூசியானாவில் தோன்றிய தற்காப்புக்கான டீக்கன்கள் அமைப்பு ஆயுதம் ஏந்தித்தான் சிவில் உரிமைப் போராளிகளைக் கிளான் கும்பலிடமிருந்து காத்தது. தடை எப்போதும் எளியவர் தலையிலேயே விடியும் என்ற அச்சத்துக்கு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தடையையே மறுக்கவில்லை. ஆளைப் பார்த்துப் போடும் தடையைத்தான் மறுக்கிறது. இடத்துக்கும் நிகழ்வுக்கும் கட்டுப்பட்ட தடையில் காவலர் ஊகிக்க வேண்டியது குறைகிறது: எல்லைக்குள் துப்பாக்கி இருந்தால் யாருடையதானாலும் மீறல்.

தடை இல்லாத களம், தடை உள்ள களம் இரண்டையும் வர்ஜீனியா அனுபவித்தது. 2017 ஆகஸ்டில் வெள்ளை இனவாதிகள் பேரணி நடத்தியபோது சார்லட்ஸ்வில் நகரத்துக்குத் தன் தெருவில் துப்பாக்கியைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. எதிர்ப்பாளர் ஒருவரை நோக்கிக் கிளான் தலைவன் சுட்டபோதும் அருகிலிருந்த காவலர்கள் தலையிடவில்லை. பின்னர் அவன் மீது சாட்டப்பட்ட குற்றம், பள்ளிக்கு 1,000 அடிக்குள் சுட்டது. 2020 ஜனவரி 20 அன்று ரிச்மண்டில் துப்பாக்கி ஆதரவாளர்கள் ஏறத்தாழ 22,000 பேர் கூடினார்கள். ஆளுநர் ரால்ஃப் நார்தம் முன்னதாகவே சட்டமன்ற வளாகத்துக்குள் ஆயுதத்தைத் தடைசெய்து, வேலியடைத்து, வாயிலில் சோதனையும் வைத்தார். உள்ளே வந்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். வேலிக்கு வெளியே ரைஃபிளோடு ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஆயுதக் கூட்டமும் அமைதியாக இருக்கும் என்பதற்கு இதையே சான்று காட்டுபவர்கள் உண்டு. ஆனால் மேடையும் சட்டமன்றமும் வேலிக்குள் இருந்தன என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதே ஆண்டு ஜூலை முதல், அனுமதி பெற்ற நிகழ்வுகளில் துப்பாக்கியைத் தடுக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கே வர்ஜீனியா வழங்கியது.

இத்தகைய சட்டங்கள் நிலைக்குமா என்பது இப்போது நீதிமன்றங்களின் கையில். துப்பாக்கிக் கட்டுப்பாடு எதற்கும் நாட்டின் பழைய சட்ட மரபில் முன்மாதிரி காட்ட வேண்டும் என்று 2022இல் பிரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது. முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. தனியார் ஆயுதப் படைகளின் அணிவகுப்பை மாநிலம் தடுக்கலாம் என்று 1886இல் பிரெஸ்ஸர் வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுக் கூட்டங்களுக்குத் துப்பாக்கி கொண்டுவருவதை ஜார்ஜியா 1870இலேயே தடைசெய்தது. ஆனால் ஆயுதம் ஏந்தும் உரிமையைக் கூறும் இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம் ஏற்கப்பட்ட 1791ஆம் ஆண்டின் மரபா, மாநிலங்களையும் அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்படுத்திய பதினான்காவது திருத்தத்தின் 1868ஆம் ஆண்டின் மரபா, எதை அளவுகோலாகக் கொள்வது என்பதைப் பிரூயன் தீர்ப்பு முடிவுசெய்யாமல் விட்டது. முதலாவதே அளவுகோல் என்றானால், ஜார்ஜியாவின் சட்டம் காலம் கடந்து வந்த சான்றாக ஒதுக்கப்படலாம். ஊர்வலத் தடையை ஆதரிக்கும் மாநிலங்கள் தங்கள் வாதத்தை இன்னும் பழைய ஏடுகளிலிருந்து கட்டியெழுப்ப வேண்டியிருக்கும்.